மழையில் நின்றுபோன பைக்: செல்ஃபை அழுத்துவதற்கு முன்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை விட்ட மறுநாள். எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் சீட் மட்டும் வெளியே தெரிய, வரிசையாக வண்டிகள் மூழ்கிக் கிடந்தன. தண்ணீர் கணுக்காலுக்கு வடிந்ததும் மாடி வீட்டு அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். முதல் வேலையாகச் சாவியைப் போட்டு செல்ஃபை அழுத்தினார். ‘டக்’ என்று நின்றது. மறுபடி அழுத்தினார், மறுபடி ‘டக்’. விடுவாரா? இரண்டாவது கியரில் போட்டு, இரண்டு பையன்களைத் தள்ளச் சொன்னார். பின்சக்கரம் சுற்றாமல் வழுக்கிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் என்ஜின் பிடித்தது. சில விநாடிதான் ஓடியிருக்கும், உள்ளே ‘கடக்’கென்று ஒரு சத்தம். பிஸ்டனை மேலும் கீழும் இயக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. பக்கத்திலேயே நின்ற என் பழைய வண்டிக்கு பேட்டரி ஏற்கெனவே செத்திருந்தது, கிக்கரும் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. அது பிழைத்ததற்கு அதுதான் காரணம். என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 100 சிசி வண்டி, கம்ப்ரெஷன் 9:1, அதாவது உள்ளே வந்த காற்று ஒன்பதில் ஒரு பங்காக அமுங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கு மேலே மிச்சமிருக்கும் இடம் ஏறக்குறைய 12 மில்லி. இருமல் மருந்து பாட்டில் மூடியில் ஊற்றிக் கொடுப்போமே, அந்த அளவு. அந்த இடத்தில் காற்று இருந்தால் அமுங்கும். தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே போக வழியில்லாமல் முட்டி நிற்கும். அப்போதும் விடாமல் சுற்றினால் எது பலவீனமோ அது வளையும், இல்லையென்றால் உடையும். தண்ணீர் புகுந்த என்ஜினைச் சுற்றாமல் விட்டால் பெரும்பாலும் ஒரு நாள் வேலையில் சரியாகிவிடும். சுற்றிய பிறகுதான் போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர்) வேலை, ராடு மாற்றுவது என்று செலவு எகிறுகிறது.

எப்படி நின்றது என்று யோசியுங்கள்

வண்டி நின்றதும் சாவியை ஆஃப் செய்யுங்கள். கட்டைவிரல் தானாக செல்ஃப் பட்டனுக்குப் போகும், போகவிடாதீர்கள். நியூட்ரலுக்குக் கொண்டுவந்து மேட்டுக்குத் தள்ளிப் போங்கள். தண்ணீருக்குள் நிற்கும்போது உங்களுக்கே ஆபத்து அதிகம். திறந்து கிடக்கும் சாக்கடைக் குழி, அறுந்து விழுந்த மின்கம்பி எதுவும் அந்தக் கலங்கலில் தெரியாது. கரண்ட் கம்பம், மின்பெட்டி பக்கமாக வண்டியைத் தள்ள வேண்டாம்.

நின்ற விதத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். நல்ல மழையில் ஓடிக்கொண்டிருக்கும்போது பிக்கப் குறைந்து, மிஸ்ஸிங் அடித்து, ‘பட்... பட்’ என்று திணறி நின்றால் அநேகமாகக் கரண்ட் கசிவு. மெக்கானிக்குகள் பிளக்கில் வரும் பொறியைத்தான் கரண்ட் என்பார்கள். தேங்கிய தண்ணீரில் போகும்போது ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்சர் ‘புளுக் புளுக்’ என்று குமிழ்விட்டு அடங்கினால், சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கலாம். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஓடிக்கொண்டிருந்தது ஒரே அடியில் நின்றால்தான் பயப்பட வேண்டும். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சியிருக்கும்.

முதல் வகைக்குத் தெருவோரத்திலேயே வைத்தியம் பார்க்கலாம். மற்ற இரண்டுக்கும் கிக்கர், செல்ஃப் எதையும் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

வெறும் மழையில் நின்றால்

பிளக் கேப்பில்தான் தொடங்க வேண்டும். ஸ்ப்லெண்டர் வகை வண்டிகளில் என்ஜின் முன்பக்கமாகப் படுத்திருக்கும். முன்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேராக அதன் தலையில்தான் விழும். முன் மட்கார்டின் நுனியில் தொங்கும் ரப்பர் ஃப்ளாப் அறுந்துபோனால் யாரும் கண்டுகொள்வதில்லை. மழைக்காலத்தில் அந்தச் சின்ன ரப்பர்தான் பிளக்குக்குக் குடை.

பெட்ரோல் பங்க் கூரையோ மேம்பாலத்து அடியோ, ஒரு நிழலில் வண்டியை நிறுத்துங்கள். கேப்பைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கேப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தால் ஈரம் தெரியும். ஊதித் தட்டி, துணியைத் திரித்து உள்ளே விட்டுத் துடையுங்கள். மெக்கானிக் கடையில் கைதுடைக்க வைத்திருக்கும் பனியன் வேஸ்ட் ஒரு கைப்பிடி எப்போதும் சீட்டுக்கு அடியில் பாலித்தீன் பையில் கிடக்கட்டும். கர்ச்சீப்பைவிட அது நன்றாக ஈரத்தை உறிஞ்சும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானையும் துடைத்து உலர்த்துங்கள். அதில் மயிரிழை போல் கறுப்புக் கோடு ஓடினால், கரண்ட் அந்தக் கோட்டின் வழியாகத்தான் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. பிளக்கை மாற்றிவிடுங்கள்.

பல வண்டிகளில் கேப், ஒயரில் திருகாணி மாதிரி மாட்டப்பட்டிருக்கும். இடதுபக்கம் திருகினால் கழன்று வந்துவிடும். ஒயர் நுனிச் செம்பு பச்சை பூத்திருந்தால், அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகி மாட்டுங்கள். பழைய வண்டியில் “மழை வந்தாலே நிக்குது சார்” என்று புலம்புகிற பலருக்கு இந்த ஒரு வேலையே போதும். கூடவே புதுக் கேப் ஒன்று மாட்டிவிட்டால் அடுத்த ஐப்பசி வரை கவலையில்லை.

எங்கே கசிகிறது என்று தெரியவில்லையா? ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, என்ஜின் ஓடும்போது பிளக் ஒயர், கேப், அந்த ஒயர் தொடங்கும் இக்னிஷன் காயில் மேல் ஸ்ப்ரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் அடியுங்கள். கசிகிற இடத்தில் நீலமாக மின்னும். அந்த நேரத்தில் கையை மட்டும் அதன் பக்கம் கொண்டுபோக வேண்டாம். பல்லாயிரம் வோல்ட், தூக்கிப் போடும்.

இரண்டாவது சந்தேகம் டேங்க் மூடி மேல். பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று போக வேண்டும். அதற்கு மூடியில் ஒரு சின்னத் துளை உண்டு. சேறு அடைத்தாலோ, மழைக்கென்று மேலே இறுக்கிப் போட்ட ரெக்சின் கவர் நனைந்து ஒட்டிக்கொண்டாலோ காற்று போகாது, பெட்ரோலும் இறங்காது. வண்டி ஏழெட்டு கிலோமீட்டர் ஓடும், நிற்கும், கொஞ்சம் ஓய்ந்ததும் மறுபடி ஓடும். நின்ற உடனே மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்றை இழுத்தால் திருடன் அகப்பட்டான்.

கார்ப் வண்டி, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கார்பிலிருந்து கீழே தொங்கும் மெல்லிய ரப்பர் குழாய்களில் ஒன்று காற்றுக்கானது. அதன் நுனி தண்ணீரில் முங்கினால் கார்ப் கிண்ணத்துக்குள் காற்றழுத்தம் மாறி பெட்ரோல் ஓட்டம் கெடும். எதுவும் நனையவில்லை, எதிலும் தண்ணீர் புகவில்லை, ஆனாலும் முழங்கால் தண்ணீரில் வண்டி நின்றுவிடும். மேட்டுக்கு வந்ததும் ஒன்றும் நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகும். அந்தக் குழாய் நுனியை மேலே தூக்கி டேங்குக்கு அடியில் கட்டிவிடலாம்.

தண்ணீருக்குள் நின்றால்

தண்ணீர் எதுவரை வந்தது என்று முதலில் பாருங்கள். சைலன்சர் வாய் முங்கியதா, சைடு பேனலுக்கு உள்ளே ஏர் ஃபில்டர் பெட்டி வரை வந்ததா? சேறும் குப்பையும் ஒட்டிய கோடு வண்டி மேலேயே இருக்கும்.

சைலன்சர் மட்டும் என்றால், ஒருவர் முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்க, பின்பக்கமாகச் சாய்த்து வடியவிடுங்கள். கறுப்பாக ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். பல சைலன்சர்களின் அடியில் வடிகால் துளை ஒன்று இருக்கும், துரு அடைத்திருந்தால் கம்பியால் குத்திவிடுங்கள். ஆனால் இதோடு நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்யக் கூடாது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் என்ஜின் நின்றிருந்தால் தண்ணீர் அந்த வழியாக உள்ளே போயிருக்கலாம்.

அடுத்தது என்ஜின் ஆயில். அளவுக்குச்சியைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடி வட்டம் உள்ள வண்டியென்றால் அதிலேயே தெரியும். ஆயில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருந்தால் நல்லது. பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால், இல்லை அளவு திடீரென்று கூடியிருந்தால், தண்ணீர் கலந்துவிட்டது. அந்த ஆயிலோடு ஓட்டினால் கிராங்க் பேரிங்கும் கேமும் போய்விடும். தள்ளிக்கொண்டோ குட்டியானையில் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும். இன்னொரு பைக்கில் வருபவர் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டு வரும் நம்மூர் வித்தையை, குழி தெரியாத ரோட்டில் காட்ட வேண்டாம்.

ஆயில் சுத்தம் என்றால் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். அடியில் ஒரு ரப்பர் வால் தொங்கும், அதன் மூடியைப் பிடுங்கினால் தேங்கிய தண்ணீர் வடியும். உள்ளே இருப்பது ஸ்பாஞ்ச் என்றால் பிழிந்து, உலர்த்தி, ஆயில் தடவி மறுபடி போடலாம். காகித ஃபில்டர் நனைந்தால் அவ்வளவுதான், புதிது வாங்க வேண்டும். வெயிலில் காயவைத்துப் போடுபவர்கள் உண்டு. ஊறிய காகிதம் மடிப்பு விரிந்து தூசியை விட ஆரம்பிக்கும், நூறு இருநூறு ரூபாயைப் பார்த்து போரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது முக்கியமான வேலை. பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் ஸ்பேனர் கிட்டிலேயே இருக்கும், கழற்றுவதற்கு முன் சுற்றியுள்ள மணலை ஊதிவிடுங்கள். பிளக் துளை திறந்திருக்க, ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்துக்கொண்டு கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்குங்கள். காலால் ஓங்கி மிதிக்க வேண்டாம். கிக்கர் இல்லாத வண்டியை டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றலாம். உள்ளே தண்ணீர் இருந்தால் துளை வழியாகப் பீய்ச்சி அடிக்கும். முகத்தை அதற்கு நேராக வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்காதீர்கள். பெட்ரோலும் கலந்துதான் வரும், கண்ணில் பட்டால் பொறுக்க முடியாது. பக்கத்தில் பீடி, சிகரெட், தீப்பெட்டி கூடாது. தண்ணீர் நின்று வெறும் காற்று வரும் வரை இருபது முப்பது தடவை சுற்றுங்கள்.

பிளக் இல்லாமலேயே என்ஜின் சுற்ற மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது, இல்லையென்றால் துருப்பிடித்து இறுகியிருக்கிறது.

கழற்றிய பிளக்கைத் துடைத்து, நுனியை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, உலரவிடுங்கள். நுனியில் பொறி தாவும் இடைவெளி பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் இருக்கும். கரண்ட் வருகிறதா என்று பார்க்க, பிளக்கைக் கேப்பில் மாட்டி அதன் இரும்பு உடம்பு என்ஜினில் நன்றாக ஒட்டியிருக்கும்படி, திறந்த துளையை விட்டுத் தள்ளி வையுங்கள். ஒட்டாமல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு கிக் அடித்தால் பொறியை உண்டாக்கும் சிடிஐ யூனிட் போய்விடக்கூடும். நீலப் பொறி ‘டிக் டிக்’கென்று தாவினால் நல்ல கரண்ட். மஞ்சளாக, மெலிதாக வந்தால் இன்னும் ஈரம் எங்கோ இருக்கிறது.

கார்ப் வண்டியில் டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்ப் கிண்ணத்தின் அடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் பெட்ரோலுக்கு அடியில் தனியாக நிற்கும், ஒரு நிமிஷம் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஸ்க்ரூவை மூடி, டேப்பைத் திறந்து நிரப்பி, மறுபடி ஒருமுறை வடியுங்கள். மறுபடியும் தண்ணீர் வந்தால் டேங்கிலேயே இருக்கிறது, டேங்கைக் காலி செய்ய வேண்டியதுதான்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் ஆசை அதிகம். கொஞ்சம் தண்ணீரை அது தனக்குள் இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். என்ஜினுக்குப் போகும் பெட்ரோல் அடியிலிருந்துதான் போகிறது. அதனால் “கொஞ்சம் தண்ணிதானே, மேலே ஃபுல் டேங்க் அடிச்சா சரியாயிடும்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

எல்லாம் மாட்டியாயிற்றா? சோக் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கொஞ்ச நேரம் சைலன்சரில் வெள்ளைப் புகை வரும், அது நீராவி. ஐந்து பத்து நிமிஷம் ஐடிலில் ஓடவிட்டால் குறைந்துவிடும். உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டால் உடனே ஆஃப்.

முழுக்க மூழ்கிய வண்டி

மேலே சொன்னதெல்லாம் இதற்கும் உண்டு, ஆனால் ஆயில் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கிற பேச்சே இல்லை, நேராக மாற்ற வேண்டும். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், எஞ்சினின் அடியில் தங்கியிருக்கும். டிரெயின் போல்ட்டைத் திறந்ததும் முதலில் தண்ணீர்தான் ஊற்றும், பிறகு ஆயில் வரும். முழுக்க வடிந்ததும் புது ஆயில் ஊற்றி ஐந்து நிமிஷம் ஐடிலில் மட்டும் ஓடவிட்டு மறுபடி வடியுங்கள். வடிவது இன்னும் காபி நிறத்தில் இருந்தால் இன்னொரு தடவை. கடைசியாகத்தான் நல்ல ஆயிலும் புது ஆயில் ஃபில்டரும். கழுவுவதற்கு ஊற்றும் ஆயில் விலை குறைந்ததாக இருக்கலாம், ஆனால் பைக் ஆயிலாகத்தான் இருக்க வேண்டும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும்.

கடல் தண்ணீரோ உப்பங்கழித் தண்ணீரோ என்றால் தாமதமே கூடாது. அன்றைக்கே நல்ல தண்ணீரில் வண்டியை வெளிப்பக்கம் முழுக்கக் கழுவிவிடுங்கள்.

இங்கே இன்சூரன்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. முழு பாலிசியிலும், தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் கெட்ட என்ஜினுக்குப் பெரும்பாலும் தரமாட்டார்கள். என்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். வண்டி தண்ணீரில் நிற்கும்போதே நாலு போட்டோ எடுத்து, கம்பெனிக்குச் சொல்லிவிட்டுக் கைவையுங்கள்.

எஃப்ஐ வண்டிகள்

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்ற வண்டிகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் (எஃப்ஐ). கார்ப் வடிக்கிற வேலை இல்லை, அதற்குப் பதில் வேறு சில. சாவியைப் போட்டதும் டேங்க் பக்கம் ‘ஊம்’ என்று இரண்டு விநாடி சத்தம் வர வேண்டும், அது பெட்ரோல் பம்ப். சத்தம் இல்லையென்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். உதிரி ஃபியூஸ் அந்தப் பெட்டியிலேயே இருக்கும்.

அதற்கும் முன்னால் சைடு ஸ்டாண்டைக் குனிந்து பாருங்கள். ஸ்டாண்ட் போட்டிருந்தால் என்ஜினை நிறுத்தும் சுவிட்ச் அங்கே, சேறு படும் இடத்திலேயே இருக்கிறது. அதில் தண்ணீர் புகுந்தால், மடக்கிய ஸ்டாண்டையும் போட்டதாகவே நினைத்துக்கொள்ளும். கியர் போட்டதும் வண்டி ஆஃப் ஆகும். சுத்தமான தண்ணீர் ஊற்றி, ஸ்டாண்டைப் பத்துத் தடவை ஏற்றி இறக்கி, உலர்த்தினால் பல நேரம் சரியாகிவிடும்.

என்ஜின் சின்னம் போட்ட மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தால் சென்சார் கனெக்டர் எதிலோ ஈரம். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, கனெக்டர்களைப் பிரித்து ஊதி உலர்த்தலாம். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு பெட்டிக்குள் தண்ணீர் போயிருந்தால் வீட்டில் பார்க்கிற வேலை இல்லை, சர்வீஸ் சென்டருக்குத்தான்.

ஸ்கூட்டர்

ஸ்கூட்டரில் என்ஜின் நன்றாக உறுமும், வண்டி நகராது. இடதுபக்க பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போய் பெல்ட்டும் கிளட்சும் வழுக்குகின்றன. அந்தப் பெட்டியின் வடிகாலைத் திறந்து வடித்துவிட்டு, சென்டர் ஸ்டாண்டில் போட்டு ஐடிலில் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் காய்ந்துவிடும். காயாமல் முறுக்கினால் கிளட்ச் கருகும். கியர் ஆயிலும் பால் நிறமாகியிருக்கிறதா என்று பாருங்கள், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

தண்ணீரைக் கடந்தே ஆக வேண்டுமென்றால்

நீரோட்டம் இருந்தால் கடக்கக் கூடாது, ரயில்வே சப்வேக்குள் இறங்கவே கூடாது. தேங்கி நிற்கும் தண்ணீரில், சக்கரத்தின் நடு அச்சுக்கு மேலே போகும் என்று தோன்றினால் திரும்பிவிடுங்கள். அதற்குக் கீழே என்றால் முதல் கியர், ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் தூக்கி ஒரே நிலையில் பிடித்து, வேகத்தைக் கிளட்சால் மட்டும் கட்டுப்படுத்துங்கள். என்ஜின் ஓடும் வரை புகையின் அழுத்தம் சைலன்சருக்குள் தண்ணீரை வரவிடாது. நடுவில் ஆக்ஸிலேட்டரை விட்டால்தான் வினை. பஸ் எதிரே வந்தால் முன்னாலேயே காத்திருங்கள், அது கிளப்பும் அலை ஏர் ஃபில்டர் வரை எழும்பும்.

வெளியே வந்ததும் பிரேக் பிடிக்காது. டிரம் பிரேக்குக்குள் தண்ணீர் இருக்கும். மெதுவாக ஓட்டிக்கொண்டே நூறு இருநூறு மீட்டர் லேசாகப் பிரேக்கை மிதித்துக்கொண்டு போனால் சூடேறி உலரும். வீட்டுக்கு வந்ததும் செயினைத் துடைத்து ஆயில் போடுங்கள், ராத்திரியே போடுங்கள். விடிவதற்குள் செங்கல் நிறத்தில் துரு பூத்துவிடும். இரண்டு மூன்று நாள் எடுக்காமல் நிறுத்திய வண்டியில் பின்சக்கரம் அசையவில்லை என்றால் பதற வேண்டாம், பிரேக் ஷூ டிரம்மில் ஒட்டியிருக்கும். முன்னும் பின்னும் நாலு ஆட்டு ஆட்டினால் ‘டப்’பென்று விடும். விட்ட பிறகு சக்கரத்தைக் கழற்றி டிரம்மின் சேற்றைத் துடைத்து, ஷூவை உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்து மாட்டுங்கள்.